தாய் பார்வையாளர் அல்லர்

ஐயா, குழந்தைகள் வார்டுகளில் பார்வையாளர் கட்டுப்பாடு குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். கூட்டத்தைக் குறைப்பது சரியே. ஆனால் பெற்றோரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு. பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகளில் பெற்றோருக்குப் பயிற்சியளித்துப் பங்கேற்கச் செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. வளர்ந்த குழந்தைக்கு மட்டும் தாய் வேண்டாமா?

கடலூரில் நிமோனியாவுக்குச் சேர்த்திருந்த என் பேத்திக்கு ஊசி போடும்போது மகளை வெளியே அனுப்பினார்கள். குழந்தை திமிறியதில் இரண்டு கையிலும் குத்த வேண்டியதாயிற்று. இரவுப் பணிக்கு வந்த செவிலியரோ, தாயின் மடியில் உட்காரவைத்தே போட்டார். சிறு முனகலோடு முடிந்தது. அத்தனை கட்டில்களையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டிலுக்கு ஒரு நாற்காலியும், தாய் இரவில் தங்க அனுமதியும், மருந்தை நுண்துளிகளாக மூச்சில் செலுத்தும் நெபுலைசர் கருவியைப் பிடிக்கச் செவிலியர் கற்றுத்தர நேரமும் கிடைக்க மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்