ஸ்பிரிங் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சின்னவன் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை. வாத்தியார் உன்னை விசாரித்தார். அந்தப் பச்சை வண்டி என்ன ஆயிற்று என்றும் கேட்டார். அதற்குப் பதிலை நீயே சொல்லிக்கொள்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி. வால்வுகளைத் திறக்கும் புது கேம் தண்டு வந்துவிட்டது, எஞ்சின் வேகத்துக்கு வரம்பு போடும் லிமிட்டரை நிமிடத்துக்கு 7,000 சுற்றிலிருந்து 8,000-க்கு ஏற்றப்போகிறேன், கேட்டலாகில் இருப்பதிலேயே விறைப்பான வால்வ் ஸ்பிரிங்கை வாங்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்டியைப் பிரிக்காதே.

முதலில் என் எஞ்சினில் நடந்ததைக் கேள். மேல் ஆர்.பி.எம்மில் மூன்றாம் சிலிண்டர் மட்டும் லேசாகத் தடுமாறியது. ஐடிலில் ஒரு குறையும் இல்லை. பிளக்கையும் காயிலையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் பார்த்தேன், தடுமாற்றம் இடம் மாறவில்லை. கம்ப்ரஷன் சரியாகவே இருந்தது. இருக்கத்தான் செய்யும், அந்தச் சோதனையில் எஞ்சின் ஸ்டார்ட்டர் வேகத்தில்தான் சுற்றுகிறது, அந்த வேகத்தில் பலம் குறைந்த ஸ்பிரிங்கே வால்வை மூடிவிடும். கடைசியில் வால்வ் கவரைத் திறந்தேன். என் எஞ்சினில் ஒரு வால்வுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங். எக்ஸாஸ்ட் வால்வின் உள் ஸ்பிரிங் இரண்டு துண்டு! வெளி ஸ்பிரிங் தனியாளாக வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒற்றை ஸ்பிரிங்காக இருந்திருந்தால் வால்வ் உள்ளே விழுந்து பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போயிருக்கும். உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுருளின் உட்பக்கத்தில் ஒரு சின்னத் துருப்பள்ளம், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. கம்பியில் அதிகச் சுமை விழுவதும் அந்த உட்பக்கத்தில்தான்.

முழு செட்டையும் மாற்றினேன். அதற்காகக் கணக்குப் போட்டபோதுதான் உன் 8,000 என்னைத் தூங்கவிடவில்லை.

கிராங்க் 8,000 சுற்றினால் கேம் அதில் பாதி, 4,000. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 66 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். திறப்பது கேமின் வேலை. வால்வைக் கேமின் முதுகோடு ஒட்டவைத்துத் திரும்பக் கொண்டுவருவது ஸ்பிரிங் ஒன்றுதான். அதை மீறிக்கொண்டு வால்வ் போகப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 7,000-லிருந்து 8,000 என்பது வேகத்தில் 14 சதவீதம்தான், விசையில் 31 சதவீதம். ஸ்பிரிங் தோற்றால் வால்வ் கேமை விட்டு மிதக்கும், மூடும்போது தான் உட்காரும் இருக்கையில் வந்து குதிக்கும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் டாப்பெட், உன்னுடையதில் எண்ணெயால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் வகை என்றால் இன்னும் மோசம்: அந்த இடைவெளியை டாப்பெட் எண்ணெயால் நிரப்பிக்கொண்டு வால்வை மூடவே விடாது.

அப்படியானால் இருப்பதிலேயே விறைப்பானதைப் போட்டுவிடலாமே என்பாய். போட்டால் கேமின் மூக்கும் டாப்பெட்டும் தேயும், வால்வை அழுத்தும் ராக்கர் கை வளையும், கேமைச் சுற்றவே சக்தி செலவாகும், வால்வ் தன் இருக்கையைத் தினமும் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். ஸ்பிரிங்கைக் கேமுக்கும் வால்வின் எடைக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். கேம் செய்தவர்கள் அதோடு தரும் விவரக் கார்டில் என்ன விசை கேட்கிறார்களோ அதுதான் தொடக்கம். விசை போதவில்லை என்றால் முதலில் எடையைக் குறைக்கப் பார். ஸ்பிரிங்கின் மேல்முனையை வால்வோடு பிடித்துவைக்கும் மூடியான ரிட்டெய்னரை டைட்டானியத்தில் போடுவது ஒரு வழி. பீஹைவ் ஸ்பிரிங் இன்னொரு வழி. மேலே குறுகி வருவதால் ரிட்டெய்னரே சின்னதாகிவிடும். செவர்லேயின் எல்எஸ் எஞ்சின்களில் தொழிற்சாலையிலேயே பீஹைவ்தான் வருகிறது. ஆனால் பீஹைவ் ஒற்றை ஸ்பிரிங், உடைந்தால் துணைக்கு ஆளில்லை. நான் கண்ணால் பார்த்துவிட்டதால் இரட்டை ஸ்பிரிங் பக்கம்தான் நிற்கிறேன். உள் ஸ்பிரிங்கை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள், இல்லையென்றால் சுருளுக்குள் சுருள் மாட்டிக்கொள்ளும்.

இனி கணக்கு. இதை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதே. என் செட் 38 மில்லிமீட்டர் உயரத்தில் பொருத்தும்போது 300 நியூட்டன் கொடுக்கிறது, அழுத்தும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 50 கூடுகிறது. வால்வ் லிஃப்ட், அதாவது வால்வ் திறக்கும் தூரம், 11 மில்லிமீட்டர். ஆக முழுதாகத் திறக்கும்போது 850 நியூட்டன், ஸ்பிரிங்கின் உயரம் 27. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 25. மிச்சம் 2 மில்லிமீட்டர். இந்த மிச்சம் ஒன்றரைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன். ரொம்ப அதிகமாக விட்டாலும் தப்பு: நடுச்சுருள்களுக்கு ஆட இடம் கிடைத்து, ஸ்பிரிங்குக்குள் அலை ஓட ஆரம்பிக்கும், அந்த அலையே அதை உடைத்துவிடும்.

கேட்டலாகில் விசை பவுண்டில் இருந்தால் நியூட்டனாக்க 4.45-ஆல் பெருக்கு. கேம் கார்டில் இருப்பது கேமின் லிஃப்டா, வால்வின் லிஃப்டா என்றும் பார். கேமில் 7.3, ராக்கர் விகிதம் 1.5 என்றால் வால்வில் கிட்டத்தட்ட 11. இதைக் கவனிக்காமல் ஸ்பிரிங் வாங்கினால் முதல் சுற்றிலேயே சுருள் முட்டும். பிறகு டர்போ போடுவேன் என்று வேறு சொன்னாயே, அதையும் இப்போதே சேர்த்துக்கொள். 35 மில்லிமீட்டர் இன்டேக் வால்வின் முதுகில் டர்போவின் 1 பார் அழுத்தம் (பூஸ்ட்) சுமார் 96 நியூட்டனோடு திறக்கும் திசையில் தள்ளும். 300-ல் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

பொருத்தும் உயரத்தை ஒவ்வொரு வால்விலும் தனித்தனியாக அள. ஒரே ஹெட்டில் எனக்கு ஒன்று 38.6, இன்னொன்று 37.9 வந்தது. 0.7 மில்லிமீட்டர் என்றால் 35 நியூட்டன் வித்தியாசம். 38.6 வந்த இடத்தில் 0.5 மில்லிமீட்டர் ஷிம், அதாவது மெல்லிய வளையத் தகடு, போட்டேன். ஷிம் உயரத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. அதனால் குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு இறக்க வேண்டும். முழு லிஃப்டில் ரிட்டெய்னர், வால்வ் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஸ்டெம் சீலில் இடிக்கிறதா என்றும் பார், அங்கேயும் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கட்டும்.

ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். அந்தந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டு பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடு, அது வால்வை விழாமல் தாங்கும். காற்று கிராங்கைச் சட்டென்று சுற்றிவிடும், அதனால் கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை விட்டுவைக்காதே. காற்று இல்லையென்றால் நைலான் கயிற்றைத் துளைக்குள் விட்டுப் பிஸ்டனை மேலேற்று, கயிறே வால்வைத் தாங்கும். எண்ணெய் இறங்கும் துளைகளை எல்லாம் துணியால் அடை. ரிட்டெய்னரை வால்வோடு பூட்டும் சின்ன லாக் ஒன்று உள்ளே விழுந்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான். அழுத்துவதற்கு முன் ரிட்டெய்னரை லேசாகத் தட்டினால் ஒட்டியிருக்கும் லாக் விடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள், மாப்பிள்ளை. இதில் உன் வீம்பைக் காட்டாதே. அப்புறம் சீல்களையும் கையோடு மாற்றிவிடு.

புது ஸ்பிரிங்கை ப்ளையராலோ வைஸிலோ பிடிக்கவே பிடிக்காதே. ஒரு கீறல் போதும், என் உள் ஸ்பிரிங்குக்கு நேர்ந்ததுதான் அதற்கும். எண்ணெய் தடவிப் பொருத்து. உன் கேம் ரோலர் இல்லாமல் தட்டை டாப்பெட்டாக இருந்தால், பழகும் வரை உள் ஸ்பிரிங் இல்லாமல் 2,000 ஆர்.பி.எம்முக்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட்டிவிட்டுப் பிறகு உள்ளதைப் போடு. சலிப்பான வேலைதான், ஆனால் கேம் பிழைக்கும்.

இந்தப் பொல்லாத ஸ்பிரிங்கே வேண்டாமென்று எத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள் பார். 1954-ல் மெர்சிடிஸ் தன் டபிள்யூ196 ரேஸ் காரில் வால்வை மூடவும் கேமையே வைத்தது, டுகாட்டி இன்றும் பல பைக்குகளில் அப்படிச் செய்கிறது. 1986-ல் ரெனோ ஃபார்முலா 1 எஞ்சினில் சுருளுக்குப் பதில் காற்றை அடைத்தது. எனக்கு அதையெல்லாம் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நமக்கு வாய்த்தது சுருள்தான், அதை ஒழுங்காக அளந்து போடுவோம்.

கேம் கார்டு, ஒவ்வொரு வால்வின் உயரம், நீ பார்த்துவைத்த ஸ்பிரிங்கின் விவரம், மூன்றையும் எழுதி அனுப்பு, கணக்கை நான் போடுகிறேன். உயரம் அளக்கும் மைக்ரோமீட்டர் இல்லையென்றால் சொல், என்னுடையதை அனுப்புகிறேன். ஆனால் அது திரும்பி வர வேண்டும். என் டார்க் ரெஞ்ச் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி