கிரேஸ் மிராபெல்லாவின் பொருட்டு: கோண்டே நாஸ்ட் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஆசிரியரை அமர்த்தவும் மாற்றவும் இதழின் உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 1988 ஜூன் இறுதியில் நீங்கள் வெளியிடும் ஆடை அலங்கார இதழான வோக்கின் அமெரிக்கப் பதிப்பு ஆசிரியர் கிரேஸ் மிராபெல்லா தம் பதவி பறிபோனதை உங்களிடமிருந்து அறியாமல், பத்தி எழுத்தாளர் லிஸ் ஸ்மித் தொலைக்காட்சியில் அறிவித்த பிறகே அறிய நேர்ந்ததே, அது எந்த அதிகாரத்திலும் அடங்காது.

1971-இல் முந்தைய ஆசிரியர் டயானா வ்ரீலண்ட் நீக்கப்பட்டபோது, அவரிடம் பணியாற்றிய மிராபெல்லாவையே நீங்கள் அந்த இடத்தில் அமர்த்தினீர்கள். வ்ரீலண்டின் பக்கங்கள் கண்ணைப் பறித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றில் இருந்த உடைகளை உடுத்தி அலுவலகம் செல்ல முடியாது. காலையில் உடுத்தியதோடு மாலைவரை தடையின்றி நடமாட விரும்பிய, தாமே சம்பாதிக்கத் தொடங்கியிருந்த பெண்களை மனத்தில் வைத்து மிராபெல்லா இதழை மாற்றியமைத்தார். உடல்நலமும் கலைகளும் அதில் உரிய இடம் பெற்றன. 1974 ஆகஸ்ட் இதழின் அட்டையில் பெவர்லி ஜான்சன் இடம்பெற்றார்; அமெரிக்க வோக் அட்டையில் கறுப்பினப் பெண் ஒருவர் தோன்றியது அதுவே முதன்முறை. ஏறத்தாழ 4 லட்சமாக இருந்த விற்பனை, அவர் காலத்தில் 12 லட்சத்தைத் தாண்டியது.

வ்ரீலண்டின் அறையில் இருந்த சிவப்புச் சுவர்களுக்கு மிராபெல்லா வெளிர் பழுப்பு நிறம் பூசச் செய்தார். பின்னாளில் அந்த நிறத்தையே சுட்டிக்காட்டி அவருடைய பதினேழு ஆண்டுகளையும் சுவையற்றவை என்று தள்ளினார்கள். இதை ஏற்க என் மனம் மறுக்கிறது. 1985-இல் அமெரிக்காவுக்கு வந்த எல் என்ற போட்டி இதழ் இளம் வாசகியரை ஈர்த்தது உண்மை. அதைக் கண்டு நீங்கள் கவலையுற்றதும் இயல்பே. எனினும், அடுத்து வந்த ஆன்னா வின்டூர் வெளியாள் அல்லர். உங்கள் நிறுவனத்தின் மற்றோர் இதழை நடத்திவந்தவர். வீட்டுக்குள்ளேயே எடுத்த முடிவை உரியவரை அழைத்து நேரில் சொல்ல ஒரு மணி நேரம்கூடவா கிடைக்கவில்லை?

2025-இல் வின்டூர் அப்பொறுப்பை விட்டு விலகியபோது ஊழியர்களைக் கூட்டி அவரே அறிவித்தார். அந்த மரியாதை உங்களால் இயலாததன்று என்பதற்கு இதுவே சான்று.

மிராபெல்லா 2021 டிசம்பரில் மறைந்துவிட்டார். அவரிடம் வருத்தம் தெரிவிக்க இனி வழியில்லை. ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வோக்கின் வரலாற்றை நீங்கள் எழுதும்போதெல்லாம், 1971 முதல் 1988 வரையிலான ஆண்டுகளை இரண்டு பெரிய பெயர்களுக்கு இடைப்பட்ட வெற்றிடமாக்காமல், அவர் செய்தவற்றையும் அவர் அனுப்பப்பட்ட விதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் இதழ்களில் எந்த ஆசிரியரை நீக்கினாலும், வெளியுலகம் அறிவதற்கு முன் அவருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்