மத்திய வங்கி ஆளுநர்களுக்கு, ஆண்டுக் கடைசியில் ஒரு மடல்

மதிப்புக்குரிய ஆளுநர்களே, வட்டி விகிதத்தை முடிவு செய்யும் குழுக்களின் உறுப்பினர்களே,

டிசம்பர் வந்தாலே வீடுகளில் வரவு செலவுப் பேச்சு தொடங்கிவிடும். வேலை நிலைக்குமா, சம்பளம் ஏறுமா, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற கவலையோடு நாங்கள் உட்காரும்போது, "பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று உங்கள் அறிக்கை வருகிறது. கேட்பவர்களில் பலர் விலை இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 100 ரூபாய்ப் பொருள் முதல் வருடம் 8 சதவீதம் ஏறி 108 ஆகிறது. அடுத்த வருடம் 3 சதவீதம்தான் ஏற்றம் என்றாலும் 111-ஐத் தாண்டிவிடுகிறது. ஏறும் வேகம்தான் குறைந்தது. அதே இரண்டு வருடத்தில் சம்பளம் 5 சதவீதம் ஏறியவருக்கு உங்கள் நல்ல செய்தி என்ன ஆறுதலைத் தரும்?

அந்தப் பணவீக்க எண்ணும் ஒரு சராசரிதான். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே எழுதிவிட்டார். உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும்போது ஏழைக் குடும்பத்தின் பணவீக்கம் நீங்கள் சொல்வதைவிட அதிகம்.

என்னை அதிகம் உறுத்துவது கடன் விஷயம். 20 வருடக் கடனை 7 சதவீத மாறும் வட்டியில் ஒருவர் வாங்குகிறார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே வட்டி 9 சதவீதம் ஆகிறது. மாதத் தவணை சுமார் 16 சதவீதம் கூடும். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினாலோ, 20 வருடம் ஏறக்குறைய 38 வருடமாகிவிடும்! ஓய்வு பெற்ற பிறகும் கட்ட வேண்டிய கடன் அது. கையெழுத்துப் போடும் நாளில் இந்தக் கணக்கை எத்தனை பேருக்குக் காட்டுகிறார்கள்?

நீங்கள் எதிர்காலத்தைச் சரியாகக் கணிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது யாராலும் முடியாது. 2021-ல் விலையேற்றம் தற்காலிகமானது என்றது அமெரிக்க மத்திய வங்கி. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி, 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்தைத் தாண்டியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வழியும் இருக்கிறது. இங்கிலாந்து வங்கி 1996 முதல் பணவீக்கக் கணிப்பை ஒற்றைக் கோடாக இல்லாமல், எதிலிருந்து எதுவரை போகலாம் என்று காட்டும், விசிறி போல விரியும் வரைபடமாகவே வெளியிட்டது. ஆனால் அப்படிப்பட்ட விரிவு அறிக்கையின் உள்பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. பேட்டியில் ஒரே ஒரு எண்தான் வெளியே வருகிறது.

அடுத்த அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே, ஐந்து வருடத்தில் விலை மொத்தம் எவ்வளவு ஏறியது, சம்பளம் எவ்வளவு ஏறியது என்று பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் தவணை என்ன ஆகும் என்பதை எழுத்தில் கொடுக்காமல் எந்த வங்கியும் மாறும் வட்டிக் கடன் தரக்கூடாது என்று விதி செய்யுங்கள். அதற்கான அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால், இருப்பவர்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர்