தூளியில் குடியேறிய வெள்ளையன்

ஆசிரியருக்கு,

பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சிவிடும் என்று சொல்லி, எங்கள் தெருவில் ஒரு வீட்டார் போன மாதம் மூன்று பூனைகளைக் கோணிப்பையில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வந்தார்கள். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் கருப்பி, வெள்ளையன் என்று இரண்டு பூனைகள். அவை மலம் கழிக்கும் மணல் தட்டை அள்ளும் வேலையை என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றார். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் கழிவில் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும். அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். சரியாக வேகாத இறைச்சியாலும் அது வரும். அதற்காக யாரும் ஆட்டை நாடு கடத்துவதில்லை.

குழந்தையைச் சுற்றியிருந்த வேட்டித் துணியை வாசனை பூனைகளுக்குப் பழகட்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து போட்டோம். கருப்பி முகர்ந்தாள், தும்மினாள், அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். தூளியை இரண்டு வாரம் முன்பே கட்டியதுதான் என் தவறு. வெள்ளையன் அதில் குடியேறிவிட்டான்! பிறகு அறைக் கதவுக்கு வலைச் சட்டம் அடித்தோம். பூனை மூச்சை உறிஞ்சாது; ஆனால் வெதுவெதுப்பைத் தேடி முகத்தருகே படுத்தால் பிஞ்சுக்கு மூச்சு முட்டும். இரண்டுக்கும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று.

பேரனுக்கு இப்போது ஐந்து மாதம். அவன் சிணுங்கினால் கருப்பி வலைக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறாள்.

– ஒரு பாட்டி, மயிலாடுதுறை