செவ்வாய்க்கிழமைகளில் வந்தவருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அப்பாவை அறிந்த அனைவருக்கும் வணக்கம்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். முந்தாநாள் மாலை, வலக்கையில் ஊன்றுகோலும் இடப்பக்கம் எங்கள் கால்பந்துக் கழகத்துப் பையன் ஒருவனின் தோளுமாக வாசற்படி ஏறினார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நன்றி சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அம்மா சொன்னார். அதனால் மனம் இன்னும் முழுதாக அடங்காத இந்த வேளையிலேயே எழுதுகிறேன்.

முறை வைத்துக்கொண்டு இரவுகளில் கண்விழித்த கழகத்து இளைஞர்களுக்கும், கஞ்சியும் ரசமும் கொடுத்தனுப்பிய தெருவினருக்கும், கேட்பதற்கு முன்பே பணம் அனுப்பிய பிரான்சு உறவினர்களுக்கும், எங்கள் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் விடை சொன்ன மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அப்பாவின் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டப் பழக்கிய பிசியோதெரபி சகோதரிக்கும், நள்ளிரவில் கூப்பிட்டதும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பிய ஆட்டோ அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களை எல்லாம் நேரில் வந்து பார்ப்பேன். இந்த மடலின் பெரும்பகுதியை ஒரே ஒருவருக்காக எடுத்துக்கொள்வதை நீங்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் கடலூர் முதுநகரில் சலூன் வைத்திருப்பவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆயினும் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் புதுச்சேரி உப்பளம் மைதானத்திலும் அந்தக் காலத்து ஆட்டங்களைப் பார்த்தவர்கள், கடலூர் அணிகளுக்கு ரைட் விங்கில், அதாவது வலப்புற ஓரத்தில் தாக்கி ஆடிய, குள்ளமான, பிடிபடாத வேகம் கொண்ட அந்த மனிதரை இந்நேரம் அடையாளம் கண்டிருப்பீர்கள். அப்பா லெஃப்ட் பேக், இடப்புறத் தடுப்பாட்டக்காரர். ஆகவே இவர்கள் சந்தித்த ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவரை ஒருவர் தாண்டித்தான் பந்து போக வேண்டியிருந்தது. அப்பாவின் கணுக்காலுக்கு மேலே இருக்கும் தழும்பு இவருடைய பூட்ஸால் வந்தது என்பதை நாங்கள் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அவரை அப்பாவின் நண்பர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை; அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இல்லை.

அப்படிப்பட்டவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடலூரிலிருந்து பேருந்து ஏறி, புதுச்சேரி கோரிமேடு மருத்துவமனை வரை விசாரித்துக்கொண்டு வந்து, கையில் ஒரு தகரப் பெட்டியோடு வார்டு வாசலில் நின்றார். அப்பாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி, அண்ணன் முகத்துல இவ்ளோ தாடி நான் பார்த்ததே இல்ல. ஆட்டத்துக்கு வர்றப்பகூட ஷேவ் பண்ணிட்டுதான் வருவாரு. நர்ஸம்மாவக் கேட்டுட்டு வா, நான் எடுத்துவிடறேன்” என்றார்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து போவதால் பிளேடு படக்கூடாது என்று செவிலியர் சொன்னார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டிரிம்மரை எடுத்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தம் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே அப்பாவின் முகத்தில் போட்டார். சற்றே இழுத்துக்கொண்டிருந்த இடப்பக்கக் கன்னத்தை இரண்டு விரல்களால் மெல்லத் தூக்கிப் பிடித்து, காதோரத்திலிருந்து தாடைவரை, தாடையிலிருந்து கழுத்துவரை, அவசரமே இல்லாமல் எடுத்தார். மீசையை மட்டும் அப்பா எப்போதும் வைத்திருக்கும் அளவுக்குக் கத்தரித்து, சிறிய கண்ணாடியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அதுவரை எங்களுக்குத் தலையசைப்பையே விடையாகத் தந்துகொண்டிருந்த அப்பா, கண்ணாடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குழறலாக ஆனால் எங்கள் எல்லோருக்கும் புரியும்படி, “சாப்ட்டியா?” என்று கேட்டார்.

அம்மா வராந்தாவுக்குப் போய் அழுதார். சலூன்காரர் மட்டும், ஏதோ தினமும் பேசிக்கொள்பவர்களைப் போல, “ஆச்சுண்ணே, இட்லி சாப்ட்டுதான் பஸ் ஏறினேன்” என்று பதில் சொல்லிக்கொண்டே துண்டை மடித்தார்.

சலூன்காரர்களுக்கு வாரத்தில் ஓய்வு கிடைப்பது செவ்வாய்க்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளையும் அவர் எங்கள் அப்பாவுக்குக் கொடுத்தார். அடுத்த செவ்வாயும் வந்தார்; அப்பா வீடு திரும்பும்வரை ஒரு செவ்வாயும் தவறவில்லை. பணத்தைக் கையால் தொடவில்லை. வெளியே கடையில் ஒரு டீ குடிக்க மட்டும் சம்மதித்தார்.

அந்த டீக்கடையில் அவர் சொன்னதை நான் எழுதியே ஆக வேண்டும். அப்பா பள்ளிப் பருவத்தில் சேர்ந்த கழகத்திலேயே கடைசி ஆட்டம் வரை ஆடினார் என்பது உங்களுக்குத் தெரியும். இடையில், வேலையும் தருகிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு அலுவலக அணி அழைத்தபோதும் அவர் போகவில்லை. அந்த வேலைக்குப் போயிருந்தால் ஓய்வூதியம் வந்திருக்குமே என்ற பேச்சு, பணம் இறுகிய மாதங்களில், எங்கள் வீட்டில் மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும். அப்பா அதற்குக் கோபப்பட்டதில்லை. சூனி கோஸ்வாமியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றபோது அப்பா சிறுவர். அந்த அணியின் தலைவர் கோஸ்வாமி. கோல்காத்தவர் பீட்டர் தங்கராஜ். தங்கராஜ் என்ற பெயருக்காகச் செய்தியைக் கேட்கத் தொடங்கி, கோஸ்வாமியிடம் மனத்தைக் கொடுத்துவிட்டதாக அப்பா சொல்வார். எட்டு வயதில் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துச் சிறுவர் அணியில் சேர்ந்த கோஸ்வாமி, 1954இல் அதன் முதல் அணிக்கு வந்து, 1968இல் ஓய்வு பெறும்வரை வேறெந்தக் கழகத்துக்கும் ஆடவில்லை. பிற்காலத்தில் இத்தாலி ஆட்டக்காரர் மால்தினியையும் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. வலக்கால்காரராக இருந்தும் லெஃப்ட் பேக்கில் ஆடியவர் என்பது முதல் காரணம், அப்பாவும் வலக்கால்காரரே. 1985 முதல் 2009 வரை மிலான் அணிக்காக மட்டும் 902 ஆட்டங்கள் என்பது இரண்டாவது காரணம். ஒரே கழகத்துக்கு வாழ்நாளைத் தந்த பிற ஊர் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க, ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கழகம் 2015 முதல் ஒரு விருதே கொடுத்து வருகிறது; 2016இல் அது மால்தினிக்குக் கிடைத்தது. தன் ஆளே அல்லாத ஒருவருக்கு ஒரு கழகம் எதற்காக விருது கொடுக்க வேண்டும் என்று நான் முன்பு யோசித்ததுண்டு. விடை அந்த டீக்கடையில் கிடைத்தது.

“நான் நாலஞ்சு டீமுக்கு ஆடினவன் தம்பி. எங்க காசு கெடைக்குமோ அங்க போவேன், அது தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு வருஷமும் டோர்னமென்ட் லிஸ்ட் வந்தா, மொதல்ல பாண்டி டீம்ல உங்கப்பா பேர் இருக்கான்னுதான் பார்ப்பேன். இருக்கும். அவரத் தாண்டறதுக்காகத்தான் விடியக்காலைல தேவனாம்பட்டினம் கடற்கரைல மணல்ல ஓடினேன். அவர் மட்டும் டீம் மாறிப் போயிருந்தா, நான் அவ்ளோ ஓடியிருக்க மாட்டேன்.”

அப்பாவின் விசுவாசம் அவருடைய கழகத்துக்கு மட்டும் உரியது என்றே நான் எண்ணியிருந்தேன். எதிரே ஆடியவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இன்ன ஊர் மைதானத்தில், இன்ன இடத்தில், இன்ன ஆள் நிற்பார் என்று ஒருவர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் தம் உடம்பையும் பழக்கியிருக்கிறார். அந்த ஆள் கட்டிலில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும், யாரும் சொல்லாமலே பேருந்து ஏறியிருக்கிறார். ஓய்வூதியத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இனிப் பேச்சு எழாது. எழுந்தாலும், எனக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

அப்பா நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி நிற்காது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு எனக்கு ஆட்டம் வராது. அதைக் கழகத்து மூத்த ஆட்டக்காரர்கள் இருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பந்துகளுக்குக் காற்றடிப்பது, கோடு போடுவது, பிள்ளைகளுக்குச் சுண்டலும் வாழைப்பழமும் கொண்டுவருவது ஆகியவை இனி என் பொறுப்பு. அப்பா பேருந்தில் உட்கார்ந்து வரும் அளவுக்குத் தேறியதும், சுண்ணாம்பாற்றையும் பெண்ணையாற்றையும் தாண்டி அவரைக் கடலூருக்கு அழைத்துச் சென்று, அந்தச் சலூன் நாற்காலியில் உட்காரவைப்பேன். அன்றைக்குக் கூலியை அவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.

பார்க்க வர விரும்புபவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். காலையில் பயிற்சியும் மதியம் உறக்கமும் தவறக் கூடாது என்பது மருத்துவர் சொல். அப்பாவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை தயவுசெய்து காத்திருங்கள். பாதியில் எடுத்துக்கொடுத்தால் அவருக்குப் பிடிப்பதில்லை. பழைய ஆட்டங்களின் புகைப்படம் எவரிடமாவது இருந்தால், குறிப்பாகக் கடலூர் அணியும் எங்கள் அணியும் சேர்ந்து எடுத்துக்கொண்டவை இருந்தால், கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.