பூர்கிபாவை அத்தாதுர்க் ஆக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் துனிசியாவின் முதல் அதிபர் ஹபீப் பூர்கிபாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'அரபு நாட்டு அத்தாதுர்க்' என்று தலைப்பிலேயே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குத் தகராறே அந்தப் பட்டத்தில்தான்.

நவீன துருக்கியை நிறுவிய அத்தாதுர்க் 1924-ல் கிலாஃபத்தை, அதாவது முஸ்லிம்களின் தலைவர் என்ற கலீஃபா பதவியை, ஒழித்தார், 1926-ல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துத் துருக்கியில் அமலாக்கினார். பூர்கிபா போன வழி வேறு. துனிசியாவுக்குப் பிரான்சிடமிருந்து சுதந்திரம் கிடைத்து ஐந்தே மாதத்தில், 1956 ஆகஸ்ட் 13 அன்று, பலதார மணத்தைத் தடை செய்து, கணவன் வாயால் சொன்னாலே விவாகரத்து என்ற வழக்கத்தை ஒழித்து, இனி நீதிமன்றம் போனால்தான் செல்லும் என்று சட்டம் கொண்டு வந்தார். அதற்குக் குர்ஆனிலிருந்தேதான் நியாயம் சொன்னார்கள்: மனைவியரிடையே நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள் என்கிறது ஒரு வசனம், எவ்வளவு ஆசைப்பட்டாலும் உங்களால் அப்படி நடக்க முடியாது என்கிறது இன்னொன்று, இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? 1959 அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே நாட்டின் மதம் இஸ்லாம் என்று எழுதியிருந்தது. மதத்தை அவர் வெளியே தள்ளவில்லை, தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார். 1960-ல் வறுமையை எதிர்த்துப் போராடுவதும் ஒரு ஜிஹாத்தான், அதனால் உழைப்பவர்கள் ரமலான் நோன்பை விடலாம் என்று பேசினாரே, அது மதச்சார்பின்மைப் பேச்சா, மதத் தீர்ப்புச் சொல்லும் முஃப்தியின் பேச்சா? ஜனங்கள் அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, பெண்களின் முக்காட்டை எடுத்தார் என்று புகழ்ந்திருக்கிறீர்கள். 1929-ல், பிரெஞ்சு ஆட்சி இருந்தபோது, முக்காடு நம் தேசிய அடையாளம், இப்போது அதை விடக் கூடாது என்று எழுதியவரும் இதே பூர்கிபாதான். பதவிக்கு வந்த பிறகு, கேமரா முன்னால் பெண்கள் தலையோடு போர்த்தும் வெள்ளைத் துணியான சஃப்சாரியைத் தன் கையாலேயே விலக்கினார். 1981-ல் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் ஹிஜாப் கூடாது என்று சுற்றறிக்கையே போனது. போடு என்றாலும் எடு என்றாலும் தலை என்னவோ அந்தப் பெண்ணுடையது, அவளை யாராவது கேட்டார்களா? முக்காடு போடுகிறவள் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

அவருடைய பழைய தோழர், பின்னாளில் எதிரியான சாலிஹ் பின் யூசுஃப், 1961-ல் பிராங்க்பர்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டதும், 1975-ல் தன்னையே ஆயுட்கால அதிபர் ஆக்கிக்கொண்டதும், 1984-ல் ரொட்டி விலை ஏறியதற்குத் தெருவுக்கு வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. 1987-ல் மருத்துவர்களின் சான்றிதழை வைத்து அவருடைய பிரதமர் பின் அலி அவரைப் பதவியிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பினாரே, அதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவும் சொன்னாலும் அந்த 1956 சட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது இன்றும் நிற்கிறதென்றால் அதற்குப் பூர்கிபா மட்டும் காரணமில்லை. 2012-ல் புதிய அரசியல் சட்ட வரைவில் பெண்ணை ஆணுக்குத் 'துணை' என்று எழுதியபோது, அதே ஆகஸ்ட் 13 அன்று துனிஸ் நகரத் தெருக்களில் பெண்கள் இறங்கினார்கள், அந்தச் சொல் போயிற்று.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பூர்கிபாவுக்கு 26 வருஷம் முன்னால், 1930-லேயே, பலதார மணம் கூடாது, விவாகரத்து நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு நூல் எழுதியவர் தாஹர் ஹத்தாத். துனிஸின் பழைய இஸ்லாமியக் கல்விக்கூடமான ஸைத்தூனாவில் படித்தவர்தான். அங்கிருந்த உலமாக்களே, அதாவது மத அறிஞர்களே, அவரை ஒதுக்கிவைத்தார்கள், 1935-ல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். சட்டத்தின் புகழ் பூர்கிபாவுக்குப் போய்விட்டது. அடுத்த இதழில் ஹத்தாதைப் பற்றி ஒரு பக்கமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி