பேட்டரித் தொழில் முதலாளிமார்களுக்கு: ஆளின் இரத்தக் கணக்கை ஆளிடமே காட்டுங்கள்

வணக்கம் ஐயா,

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பேட்டரி கட்டியும் பிளேட் மாற்றியும் தொழில் நடத்தும் உங்களுக்குத்தான் இந்த மடல். வெளியூரில் ஃபேக்டரி வைத்திருக்கும் நம்மூர்க்காரர்கள் படித்தாலும் சந்தோஷம்.

நான் பதினாறு வருஷம் வெளியூரில் ஒரு பேட்டரி கம்பெனியில், பிளேட்டில் ஈய ஆக்சைடு பசையைப் பூசும் பேஸ்டிங் பிரிவில் இருந்தவன். இப்போது காரைக்குடியில் சின்னதாகக் கடை வைத்து இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறேன். எனக்கும் இந்தத் தொழில்தான் சோறு போடுகிறது.

அந்தக் கம்பெனியில், இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் வரிசையாகப் பெயர் படித்து, "நார்மல், நார்மல்" என்று சொல்லிக்கொண்டே போவார். எவ்வளவு சார் என்று கேட்டால், "அதான் நார்மல்னு சொல்றேன்ல". ஒரு தடவை, என்னோடு பிளேட் அடுக்கிய கான்ட்ராக்ட் பையனின் பெயரை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டார். அடுத்த வாரம் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் எங்களில் யாரும் எண்ணைக் கேட்கவில்லை. வயிறு முறுக்கிப் பிடித்தாலும், நாலு நாள் வெளிக்குப் போகாவிட்டாலும், வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு ஷிப்டுக்குப் போனோம். ஊருக்குத் திரும்பிய பிறகு என் காசில் சோதித்துப் பார்த்தேன். 100 மில்லி இரத்தத்தில் 52 மைக்ரோகிராம்.

அமெரிக்காவில் 1978-இல் போட்ட விதிப்படியே, தொழிற்சாலையில் ஒருவருக்கு ஒரே சோதனையில் 60 வந்தாலோ, தொடர்ந்த சோதனைகளின் சராசரி 50 வந்தாலோ அவரை ஈயம் புழங்கும் இடத்திலிருந்து மாற்ற வேண்டும். 40-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் திரும்ப அழைக்கலாம். அதுவரை 18 மாதம் வரைக்கும் சம்பளம் குறையக் கூடாது. 40-ஐத் தொட்டவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இன்னும் கீழே இறங்கி, 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொன்னது. காற்றின் கணக்கையும் பாருங்கள். நம் தொழிற்சாலைச் சட்ட அட்டவணை ஒரு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் வரை விட்டது. அந்த 1978 விதியில் அது 50. ஆக, நம் அளவுக்குள் இருக்கிறது என்ற சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

"ஈயம்தானே, நம்ம வீட்டு ஆச்சி பாத்திரத்துக்குப் பூசாததா?" என்று ஒரு முதலாளி என்னிடமே கேட்டார். பித்தளைக்குப் பூசுவது வெள்ளீயம் ஐயா. பேட்டரியில் இருப்பது காரீயம். பெயரில் மட்டும்தான் இரண்டும் பங்காளி.

அது உடம்புக்குள் போகும் வழியைச் சொல்கிறேன். தோல் வழியாகப் போவது ரொம்பக் குறைவு. வாயும் மூக்கும்தான் வாசல். ஆக்சைடு மாவு மாதிரி இருக்கும், விரல் ரேகைக்குள் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் செட்டில் ஒரு பெரியவர் சாப்பாட்டுக்கு முன்னால் நன்றாகக் கை கழுவுவார். ஆனால் வேலைக்கு நடுவில் வெற்றிலையை எடுத்து, தொடையில் துடைத்து, அதே விரலால் சுண்ணாம்பைத் தடவி வாயில் போடுவார். சுண்ணாம்பு வெள்ளையாகத் தொடங்கி, இலையின் ஓரத்துக்குப் போவதற்குள் சாம்பல் நிறமாகியிருக்கும். நான் அதைப் பல வருஷம் பார்த்துக்கொண்டே பக்கத்தில் பீடி பற்ற வைத்தேன்.

பாலும் வெல்லமும் கொடுத்துவிட்டோம் என்கிறீர்கள். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக ஏறும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பிலும் அப்படித்தான். ஆனால் ஏறிய ஈயத்தைப் பால் இறக்காது.

சின்னப் பட்டறையில் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி எழும்பி எல்லோர் மூக்குக்கும் போகும். பெடஸ்டல் ஃபேன் ஒருத்தன் புழுதியை அடுத்தவன் முகத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஈயம் உருக்கும் இடத்தில் புகையை அங்கேயே பிடித்து வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு மாஸ்க் ஆகாது. வேலை உடுப்பில் ஏர் அடித்துத் தட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்த உடுப்பு வீட்டுக்கும் போகக் கூடாது, பட்டறையிலேயே துவைக்க வேண்டும். நான் அதே சட்டையோடு போய் மகளைத் தோளில் தூக்கியவன். குழந்தையின் மூளைக்கு இது ஆகவே ஆகாது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் பெயரே ஈய நஞ்சு. அதே 1948-இல்தான், வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சத்திலும், நம்மூர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். பேட்டரியை ஆராயும் கூடம் வாசலிலேயே இருக்கிற ஊர் இது. தெரியாமல் நடந்தது என்று நாம் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் கேட்பது இதுதான். ஆளை வேலைக்குச் சேர்க்கும்போது ஒரு சோதனை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. வந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். எண் ஏறினால் பேக்கிங், டெலிவரி, கல்லா என்று வேறு வேலைக்கு மாற்றுங்கள், அதே சம்பளத்தில். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிற வரைக்கும் எந்த ஆளும் வயிற்று வலியை உங்களிடம் சொல்ல மாட்டான். வரவு செலவை அணா பைசா விடாமல் எழுதி ஐந்தொகை போட்ட ஊர் இது. பத்து ஆளுக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதுவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை.

என் சீட்டுகள் மூன்றும் கடை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கின்றன: 52, 37, 29. இரத்தத்தில் இருப்பது மாதக் கணக்கில் இறங்கிவிடுகிறது, எலும்பில் தங்கியது வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்று டாக்டர் சொன்னார். நாலாவது சோதனை தை மாதம். பேட்டரி வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
பழைய பேஸ்டிங் ஆள் ஒருவன்,
காரைக்குடி